முதுகெலும்பு வளைவை அளக்க இமேஜ்ஜே போதுமா?

ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) எக்ஸ்ரே படத்தில் காப் கோணம் (வளைவு எவ்வளவு என்று சொல்லும் கோணம்) பார்க்க இன்னும் பென்சிலும் பாகைமானியும் வைத்திருக்கும் கிளினிக்குகளுக்கு, படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜே தாராளமாகப் போதும். காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

தொல்லை படத்திலிருந்தே தொடங்குகிறது. சென்னையில் ஸ்கேன் சென்டருக்குப் போனால் பிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். பிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து போனில் எடுத்த படம் உதவாது. போன் லேசாகச் சாய்ந்தாலே கோணம் மாறிவிடும். சிடியில் இருப்பது சுருக்கப்பட்ட டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பு என்றால் இமேஜ்ஜே திறக்காது. ரேடியன்ட் என்ற டைகாம் பார்க்கும் மென்பொருளில் திறந்து ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். நீள அகல விகிதம் மாறாதவரை கோணத்துக்குச் சேதமில்லை. நின்றபடி எடுத்த படம்தானா என்றும் பாருங்கள். படுத்தால் வளைவு குறைந்து தெரியும்.

இமேஜ்ஜேவிலுள்ள ஆங்கிள் கருவி மூன்று புள்ளிக்கானது, இங்கே சரிப்படாது. நேர்கோட்டுக் கருவியை எடுங்கள். வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்த எலும்பின் மேல்தட்டில் (மேற்பரப்பின் விளிம்பில்) ஒரு கோடு போட்டு எம் விசையை அழுத்துங்கள், கோட்டின் சாய்வு டிகிரியில் வரும். கீழ்முனை எலும்பின் கீழ்த்தட்டிலும் அப்படியே. 12.6, −21.3 என்று வந்தால் வித்தியாசம் 33.9, அதாவது 34 டிகிரி. இரண்டு கோட்டையும் இடமிருந்து வலமாகவே இழுக்க வேண்டும். ஒன்றைத் திருப்பி இழுத்தால் கணக்கில் 180 புகுந்துவிடும்.

பெரிதாக்கிப் பார்த்தால் தட்டு பல நேரம் ஒற்றைக் கோடாக இருக்காது. எக்ஸ்ரே சாய்வாக விழுவதால் முன்விளிம்பும் பின்விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். இடது மூலையை ஒரு விளிம்பிலும் வலது மூலையை மற்றதிலும் வைப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. தட்டே மங்கலாக இருந்தால் இருபக்க பெடிக்கிள்களை (எலும்பின் இரு பக்கமும் வட்டமாகத் தெரியும் பகுதிகள்) சேர்த்துக் கோடு போடுங்கள்.

புள்ளிக்குப் பின் வரும் எண்ணை நம்ப வேண்டாம். கையால் அளப்பதில் 5 டிகிரி வரை ஏற்ற இறக்கம் சகஜம். 31 ஆக இருந்தது 34 ஆனது என்று பெற்றோரைப் பதறவைப்பது அநியாயம்.

தினமும் பத்துப் படம் பார்க்கும் இடத்துக்கு ரேடியன்ட்டே வசதி. அதில் காப் கோணக் கருவியே இருக்கிறது, கழித்தல் கணக்கு வேண்டாம். ஆனால் எந்த எலும்பு என்று அதுவும் சொல்லாது. அதனால் ரிப்போர்ட்டில் ‘டி6 முதல் எல்1 வரை’ (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பு முதல் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு வரை) என்று கட்டாயம் எழுதுங்கள். இமேஜ்ஜேவில் ஒவ்வொரு கோட்டுக்கும் டி விசையை அழுத்திப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்துவைத்தால், ஆறு மாதம் கழித்து வரும் படத்திலும் அதே தட்டுகளைத் தேடிப் பிடிக்கலாம்.