சர்வருடன் மூன்று ஆண்டுகள்

பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "ஆறு கம்ப்யூட்டர் இருக்கிறது. சர்வர் போடட்டுமா, இல்லை இப்படியே ஒன்றோடொன்று இணைத்து ஓட்டட்டுமா?" அவர் கேட்டபோது எங்கள் சர்வர், அதாவது எல்லோருடைய கோப்பும் பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டர், படுத்து மூன்றாவது நாள். அந்தக் கோபம் இதில் இருக்கும். நடக்காதது எதுவும் இருக்காது.

எங்களுடையது அல்சூரில் கணக்கும் வரியும் பார்க்கும் அலுவலகம். 2019இல் ஐந்து கம்ப்யூட்டர்களோடு தொடங்கியபோது வெறும் ஒர்க்குரூப்தான், அதாவது சர்வர் இல்லாமல் ஒன்றோடொன்று இணைப்பது. இணைக்க ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், கொஞ்சம் கேபிள், அவ்வளவே செலவு. டாலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகள் மூத்த கணக்காளர் அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தன. மற்ற நால்வரும் அதைத் திறந்து வேலை செய்தோம். மாலை ஆறு மணிக்கு அக்கா வழக்கம்போல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு கே.ஆர்.புரம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த நொடி நான்கு மேசைகளிலிருந்தும் சத்தம் கிளம்பும். பொத்தானுக்கு மேலே "அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினோம். சில நாள் விண்டோஸே புதுப்பித்துக்கொண்டு தானாக மறுபடி தொடங்கும். அக்காவை எப்படிக் குறை சொல்வது? அது அவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்.

பதினொரு பேர் ஆனதும் பாஸ்வேர்டு தொல்லை தலைக்கு மேல் போனது. ஒர்க்குரூப்பில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிப் பெயர்ப் பட்டியல். ஒருவர் சேர்ந்தால் கோப்பு இருக்கும் இடமெல்லாம் பதிய வேண்டும், விலகினால் இடமெல்லாம் அழிக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பயனர் கணக்கு எட்டு மாதமாக ஒரு கம்ப்யூட்டரில் அப்படியே திறந்து கிடந்ததைப் பார்த்த அன்றுதான் சர்வர் வாங்க முடிவெடுத்தேன்.

2022இல் வாங்கினோம். விண்டோஸ் சர்வரின் எசென்ஷியல்ஸ் பதிப்பு என்பதால் 25 பேர் வரை ஆளுக்கொரு உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று கம்ப்யூட்டர்களில் இருந்தது விண்டோஸ் ஹோம் பதிப்பு. அது டொமைனில், அதாவது சர்வர் நிர்வகிக்கும் குழுவில், சேரவே சேராது. ப்ரோ பதிப்புக்கு மாற்றத் தனியாகப் பணம் போனது.

மனம் குளிர்ந்த நாளும் உண்டு. பயிற்சிக்கு வந்த பெண் ஒருநாள் மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்து நின்றாள், பேச்சே வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஒத்துப்பார்த்த ஜி.எஸ்.டி. தாளின் மேல் வெற்றுத் தாளைச் சேமித்துவிட்டாள். ஃபோல்டரில் வலது சொடுக்கி முந்தைய பதிப்புகளைத் திறந்தேன். சர்வர் வேலை நாள்களில் காலை 7 மணிக்கும் பகல் 12 மணிக்கும் பிரதி எடுத்து வைக்கிறது. 12 மணிப் பிரதி அப்படியே இருந்தது. போனது மூன்று மணி நேர வேலை மட்டும். அன்று அந்தப் பெட்டியைக் கும்பிடலாம் போலிருந்தது.

இனி கோபம். இந்த மாதம் 18ஆம் தேதி காலை சர்வரின் பவர் சப்ளை போய்விட்டது. ஜி.எஸ்.டி. 3பி மாதப் படிவத்துக்குக் கடைசி நாள் 20. சாதாரணக் கம்ப்யூட்டராக இருந்தால் கம்ப்யூட்டர் உதிரிகள் விற்கும் எஸ்.பி. ரோடுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் மாற்றியிருப்பேன். இது தயாரித்த நிறுவனத்தின் தனி அளவு, தனி இணைப்பு முனை. கடை கடையாக ஏறினேன், யாரிடமும் இல்லை. வரவழைக்க நான்கு நாள். பழைய முறையில் கோப்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டர் போனால் ஒருவருக்குத்தான் வேலை நிற்கும். இப்போது பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முந்தைய இரவு வெளி வட்டில் எடுத்த நகலை ஒரே லேப்டாப்பில் ஏற்றி, முறை வைத்து வேலை செய்து, கடைசிப் படிவத்தை 20ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு அனுப்பினோம்.

ஆகவே நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். ஆறு கம்ப்யூட்டருக்கு ஒர்க்குரூப் தாராளம். விண்டோஸ் ப்ரோ ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை தரும். ஆனால் கோப்புகளை ஆள் உட்காரும் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். எஸ்.பி. ரோடில் கிடைக்கும் உதிரிகளால் தனியாக ஒரு கம்ப்யூட்டர் கட்டி, திரையும் விசைப்பலகையும் இல்லாமல், யூ.பி.எஸ்ஸோடு அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். தினமும் மாலை வெளி வட்டில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

எங்களுக்குப் பவர் சப்ளை நேற்று வந்தது. இரண்டாக வாங்கினேன். ஒன்று சர்வரில் ஓடுகிறது. மற்றொன்று உறை பிரிக்காமல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.