வார்டில் அட்டை லாகின்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கேஸ் ஷீட் கணினிக்கு மாறியபோது எங்கள் மருத்துவமனையில் ஆளுக்கொரு லாகின் கொடுத்தார்கள். நடந்தது வேறு. காலையில் முதலில் வரும் சிஸ்டர் திறந்து வைப்பார். அன்று முழுக்க எல்லோரும் கொடுத்த மருந்து அவர் பெயரில்தான் ஏறும். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். பொறுப்பில்லாத்தனம் என்றது ஐடி துறை. திறக்கவே ஒரு நிமிடம் எடுக்கும் கணினி, வார்டு நிறைய நோயாளிகள், வேறென்ன செய்வோம்?

இப்போது அடையாள அட்டையை ரீடரில் வைத்தால் சில நொடிகளில் என் திரை வருகிறது. மறுபடி வைத்தால் பூட்டிக்கொள்ளும். ஷிஃப்டில் முதல் தடவை மட்டும் பின் நம்பர் கேட்கும். பாதியில் விட்டதை அடுத்த கணினியில் தொடரலாம். அடுத்தவர் பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்வதைவிட இது சுலபமானதும் ஒட்டிய சீட்டுகள் போய்விட்டன. எத்தனையோ சர்க்குலர் போட்டும் நடக்காத காரியம்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதும் பிரிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு என் வார்டு நோயாளிகள் மட்டும். பில்லிங்கில் இருப்பவருக்கு டாக்டரின் குறிப்புகள் தெரியாது. எச்.ஐ.வி. முடிவுக்கும் மனநலக் குறிப்புக்கும் தனிப் பூட்டு. இரண்டின் ரகசியத்தையும் காக்கச் சொல்லி 2017-லேயே தனித்தனிச் சட்டங்கள் வந்துவிட்டன. கேஸ் ஷீட் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி எல்லோரும் பார்க்க வைத்த காலத்தை நினைத்தால் கூசுகிறது.

அவசரத்துக்கு எந்தப் பதிவையும் திறக்கலாம், காரணம் எழுத வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் "சிகிச்சை" என்று ஒரே சொல்லை எழுதித் தள்ளினோம், யாரும் படிக்கவில்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு வாராவாரம் அந்தப் பட்டியலை எடுத்து விளக்கம் கேட்கத் தொடங்கியதும்தான் பயம் வந்தது. பெரிய பலன் எங்களுக்கே: கூட வேலை பார்ப்பவர் அட்மிட் ஆனால் அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பது நின்றது. வெளியாட்களைவிட இந்த எட்டிப் பார்த்தல்தான் எங்களிடம் அதிகம் இருந்தது.

குறைகள் உண்டு. வேலையை விட்டுப் போனவரின் அட்டை உடனே செத்துவிடுவதில்லை, எச்.ஆர். சொன்னால்தான் ஐடி முடக்கும். போர்ச்சுகலில் பாரெய்ரோ மருத்துவமனையில் 296 டாக்டர்கள் இருக்க, டாக்டருக்குரிய அனுமதியோடு 985 கணக்குகள் திறந்திருந்தன; 2018-ல் 4 லட்சம் யூரோ அபராதம். எங்கள் பட்டியலை யாராவது எண்ணினால் என்ன வருமோ! பயிற்சி மாணவிகளுக்கு அட்டை வர வாரக்கணக்காகிறது, அதுவரை சீனியர் அட்டைதான் கை மாறுகிறது.

வாட்ஸ்அப்பை இந்த அட்டையால் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் வீட்டிலிருக்கும் டாக்டர் "ஈ.சி.ஜி. போட்டோ அனுப்புங்க சிஸ்டர்" என்பார், நோயாளியின் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோடு போய்ச் சேரும். டாக்டர் போனிலேயே பார்க்க ஒரு செயலி தந்திருக்கிறார்கள்; திறக்கத் தாமதமாகும், அதனால் யாரும் தொடுவதில்லை.

சர்வர் நின்றால் அட்டையும் நிற்கும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் சைபர் தாக்குதலுக்கு ஆளானபோது நாள்கணக்கில் கையால்தான் எழுதினார்கள். நாங்கள் காகித மருந்துச் சார்ட்டை ஸ்டேஷன் இழுப்பறையில் வைத்திருக்கிறோம்.

வாங்க நினைப்பவர்கள் விற்க வருபவரிடம் இரண்டு கேளுங்கள்: வேலையை விட்டவரின் அட்டை எச்.ஆர். மென்பொருளோடு சேர்ந்து தானாக முடங்குமா? அவசரத் திறப்புப் பட்டியலை ஐடி உதவியில்லாமல் எடுக்க முடியுமா? எங்களுக்கு இரண்டாவது கிடைத்தது, முதலாவதற்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.