ஐபி போன்களைத் தேடிப் பிடித்தல்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

மட்டக்களப்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தலைமை அலுவலகம் டவுனில், கிளைகள் கல்லடியிலும் கல்முனையிலும். மேசைக்கு மேசை யீலிங்க் நிறுவனத்தின் ஐபி போன் (நெட்வேர்க் வழியாகப் பேசுகிற போன்), அங்கங்கே ஸ்னோம் போன், அதோடு பழைய சாதாரண போனைக் கொழுவுகிற கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டிகள். பூட்டித் தந்தவர்கள் எது எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டுக் கடதாசிகூடத் தரவில்லை. ஆகவே தேடுவதற்கென்று பல வழிகளைப் பாவித்துப் பார்த்தாயிற்று, எதற்கு எது உதவும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அழைப்புகளை இணைத்துவிடுகிற ஆஸ்டரிஸ்க் சேர்வரில் பதிவான போன்களின் பட்டியல் ஐபியோடு (நெட்வேர்க்கில் அவற்றின் முகவரி) ஒரே கட்டளையில் வந்துவிடும், பிறகு என்ன தேடல் என்று கேட்பீர்கள். பதிவானவை ஒழுங்காக வேலை செய்கிறவை, அவற்றை யாரும் தேடுவதில்லை. நமக்கு வேண்டியது பதிவாகாமல் எங்கேயோ கரண்ட் தின்றுகொண்டு கிடப்பது.

ஆங்ரி ஐபி ஸ்கேனர் இலவசம், சுகமானது, எந்த ஐபியில் ஆள் இருக்கிறது என்று சொல்லும். மாக் முகவரியையும், அதாவது தயாரிக்கும்போதே சாதனத்துக்குக் கொடுத்த அடையாள இலக்கத்தையும், காட்டச் சொன்னால் அதன் முதல் மூன்று பகுதிகளிலேயே தயாரித்த நிறுவனம் தெரிந்துவிடும். 00:15:65 என்றால் யீலிங்க், 00:04:13 என்றால் ஸ்னோம். ஒரு நிறுவனத்துக்குப் பல தொடக்கங்கள் இருக்கும் என்பதால் இரண்டை மனப்பாடம் செய்து பிரயோசனமில்லை, ஸ்கேனரே பெயரைப் போடட்டும். ஆனால் இது ஒரே நெட்வேர்க்குக்குள்தான். டவுனில் இருந்துகொண்டு கிளைகளை இணைக்கிற விபிஎன் வழியாகக் கல்முனையை ஸ்கேன் செய்தால் ஐபி வரும், மாக் வராது, அங்குள்ள ரவுட்டரில், எந்த ஐபிக்கு எந்த மாக் என்று குறித்திருக்கிற ஆர்ப் பட்டியலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் போட்ட சொஃப்ட்போன் செயலியும் இந்த வழியில் அகப்படாது, இப்போதைய கைத்தொலைபேசிகள் வைஃபைக்கு மாக்கையே மாற்றிக் கொடுக்கின்றன.

அடுத்தது என்மேப் என்ற ஸ்கேன் கருவி. சிப் (SIP, ஐபி போன்கள் அழைப்பை ஏற்படுத்தப் பேசுகிற முறை) பேசுகிற சாதனம் வழக்கமாக 5060 போர்ட்டில், அதாவது அந்த இலக்கமுள்ள தரவு வாசலில் இருக்கும், அதுவும் பெரும்பாலும் யூடிபியில்; டிசிபி, யூடிபி என்பவை தரவை அனுப்புகிற இரண்டு வேறு முறைகள். புதிதாகப் பழகுகிற தம்பிமார் சாதாரண டிசிபி ஸ்கேன் ஓட்டிவிட்டு "அண்ணே, ஒரு போனும் இல்லை" என்று வருவது இதனால்தான். யூடிபியில் 5060 ஒன்றை மட்டும் பார்த்தால் கெதியாக முடியும், எல்லாப் போர்ட்டையும் பார்க்கச் சொன்னால் பிளேன்டி குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தப் போர்ட்டுக்கு 'உன்னால் என்ன முடியும்' என்று கேட்கிற ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்று போனால், பதில் சொல்கிற போன் பல நேரம் தன் மொடலையும் ஃபேம்வெயர் (உள் மென்பொருள்) பதிப்பையும் யூசர் ஏஜென்ட் வரியில் எழுதி அனுப்பும். சில போன்களில் தன் சேர்வரைத் தவிர வேறு யாருக்கும் வாய் திறக்காத செட்டிங் உண்டு. அது நல்ல செட்டிங்தான், தேடுகிறவனுக்குத்தான் வில்லங்கம்.

இத்தனைக்கும் பிறகு நான் அதிகம் நம்புவது, போன் வயர்கள் வந்து சேருகிற சுவிட்சின் எல்எல்டிபி பட்டியலை. போன் தானாகவே பக்கத்துச் சுவிட்சுக்குத் தன்னைப் பற்றிச் சொல்கிற முறை இது, போன்களுக்கென்றே அதில் எல்எல்டிபி-மெட் என்று ஒரு நீட்சி இருக்கிறது, மொடல், தொடர் இலக்கம் எல்லாம் அதில் வரலாம். ஸ்கேனர் ஐபியைச் சொல்லும், சுவிட்ச் எந்த வயர் என்று சொல்லும், அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிற போனை எடுக்க வயர்தான் வேண்டும். சுவிட்சில் வயர் கொழுவுகிற ஒரே போர்ட்டில் இரண்டு மாக் தெரிந்தால் பயப்பட வேண்டாம், போனின் முதுகில் கணினியைக் கொழுவியிருப்பார்கள். ஒரே போர்ட்டில் நாலைந்து போன் தெரிந்தால் யாரோ மேசைக்குக் கீழே ஒரு மலிவுச் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்படியான சுவிட்சுகளில் சில எல்எல்டிபி செய்தியை அப்படியே கடத்திவிடும். இதற்கெல்லாம் உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய மேனேஜ்ட் சுவிட்ச் வேண்டும், விலை கூடத்தான், நான் வாங்கச் சொல்வேன். ஐப்பசி இடி முழக்கத்துக்குப் பிறகு எந்தப் போன் செத்தது என்று பார்க்கவும் அதே சுவிட்சின் பிஓஇ (நெட்வேர்க் வயரிலேயே கரண்ட் கொடுப்பது) பக்கம் போதும்.

கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டிக்கு மட்டும் கணினியே தேவையில்லை. அதில் கொழுவிய போனைத் தூக்கி நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்தி, பிறகு 02 அழுத்தினால் ஒரு பெண் குரல் ஐபியை ஒவ்வொரு இலக்கமாக ஆங்கிலத்தில் வாசிக்கும். கல்லடிக் கிளையில் பெட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் கடல் காற்றுக்கு எல்லாம் உரிந்துவிட்டன, அங்கே எனக்குக் கைகொடுத்தது இந்தக் குரல்தான். யீலிங்க்கில் இன்னும் சுலபம், மேசைப் போன்களில் பெரும்பாலும் ஓகே பட்டனை அழுத்தினால் திரையில் ஐபி வந்துவிடும்.

இதே தேடலை வெளியே இருக்கிறவர்களும் செய்கிறார்கள். சிப்விசியஸ் என்ற கருவி பாதுகாப்புச் சோதனைக்காக எழுதப்பட்டது, திருடர்களும் அதைத்தான் ஓட்டுகிறார்கள், அது தன்னை 'ஃபிரெண்ட்லி ஸ்கேனர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். கல்முனை ரவுட்டரில் 5060 வெளியுலகுக்குத் திறந்து கிடந்தது, லொக் (பதிவேடு) முழுக்க இந்தப் பெயர். நடுச்சாமத்தில் போன் அடிக்கிறது, எடுத்தால் சத்தமே இல்லை என்று காவல்கார ஐயா முறையிட்டுக்கொண்டிருந்ததன் காரணமும் அதுதான். போர்ட்டை மூடியதோடு அந்த அழைப்புகள் நின்றன, ஐயா மட்டும் இன்னும் அதைப் பேய் வேலை என்றுதான் சொல்கிறார்.