ஓரம் வெட்டாமல் தைத்துக் கொடுத்த வேதாகமம்: சேலம் கோட்டைப் பக்கத்து பைண்டிங் கடை

அப்பாவின் வேதாகமத்தை பைண்டிங் போட்டு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வாங்கிய அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அப்புறம், தினமும் திறந்து மூடிப் பார்த்து, தையல் நிற்கிறதா என்று தெரிந்த பிறகு எழுதுவதுதான் முறை என்று விட்டுவிட்டேன். தையல் நிற்கிறது.

கடை கோட்டைப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போர்டு கிடையாது. மைதாப் பசை வாசனைதான் அடையாளம். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் அவருடைய மருமகனும் வேலை செய்கிறார்கள். பெரியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடைகளின் பேரேடுகள், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், பிரித்துப் போட்ட ஒரு குர்ஆன், முதுகு போன ஒரு கம்பராமாயணம் எல்லாம் ஒரே பலகையில் அடுக்கியிருந்தன. நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவள். நல்ல பேரேட்டைக் கையில் எடுத்தாலே தெரியும். அங்கே இருந்த பேரேடுகளைப் பார்த்த பிறகுதான் பையிலிருந்து அப்பாவின் புத்தகத்தை வெளியே எடுத்தேன்.

புத்தகத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். 1965-ல் அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு) வேதாகமம் அது. அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். மஸ்டர் எடுப்பது (ஆள் வருகை குறிப்பது), கூலிக் கணக்கு எழுதுவது, பழம் எடை போடுவது எல்லாம் அவர் வேலை. எஸ்டேட் லைனில் எங்கள் வீடு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. அந்த ஈரத்தில் நாற்பத்தைந்து வருஷம் இருந்த புத்தகம். முதுகு கழன்று, ஆதியாகமத்தின் முதல் பாரமும் (சேர்த்து மடித்துத் தைக்கிற தாள் தொகுதி) வெளிப்படுத்தலின் கடைசிப் பாரமும் தனியே வந்துவிட்டன. ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று ஏசாயாவில் தொடங்கி எசேக்கியேல் வரை நேராகப் போகிறது.

சேதம் மட்டும் என்றால் எந்தக் கடையிலும் கொடுத்திருப்பேன். அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் அப்பாவின் பென்சில் எழுத்து இருக்கிறது. பெரும்பாலும் கேள்விக்குறிகள்.

1978 ஆகஸ்ட் 14-ஆம் தேதி என் தம்பி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனான். அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. எஸ்டேட் ஜீப்பில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பா மடியில் அவன். வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே போனதாக அம்மா சொல்வார். மறுநாள் அதே ஜீப்பில் திரும்பி வந்தார்கள்.

வேதாகமத்தில் சங்கீதம் என்பது ஜெபப் பாடல். 88-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் முதல் குறி: ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் 14.8.78. அதன் கீழே 14.8.79, இன்னொரு கேள்விக்குறி. அப்படியே வருஷம் தவறாமல் 2010 வரை, முப்பத்து மூன்று தேதிகள். பக்க ஓரம் நிறைந்து, கீழ் ஓரத்துக்கு இறங்கி, அங்கிருந்து எதிர்ப் பக்கத்துக்குப் போயிருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்பதோடு நின்றுவிடும். ஆனால் தொடங்குவது 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று. அப்பா அந்தச் சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருக்கிறார்.

1996-க்குப் பிறகு தேதி மட்டும் இருக்கிறது, கேள்விக்குறி இல்லை. பதில் கிடைத்ததா, கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. 2009-ல் மறுபடியும் ஒரு கேள்விக்குறி வருகிறது. 2011 தொடக்கத்தில் அப்பா போய்விட்டார்.

அப்பா எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி வாத்தியாராகவும் இருந்தார். தம்பி இறந்த மறுவருஷம், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப மறுத்த சீஷன் தோமாவின் கதை நடத்தினார். நானும் அந்த வகுப்பில் இருந்தேன். ஒரு பையன் கேட்டான்: "காயத்துல விரலைப் போட்டாத்தான் நம்புவேன்னு சொன்னவனை மத்தவங்க திட்டலையா, சார்?" அப்பா யோவான் 20-ஐ மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான் என்று இருக்கிறது. "திட்டினதா எழுதலை. போடான்னு அனுப்பினதாவும் எழுதலை. எட்டு நாளும் அவங்களோடதான் இருந்திருக்கான், சாப்பாடும் அங்கதான் சாப்பிட்டிருப்பான்" என்றார். அப்புறம் சொன்னார்: "எனக்கும் இப்ப அந்த எட்டு நாள்தான் நடக்குது."

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் சபைக் கமிட்டியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். 'சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்' என்று யாக்கோபு 1:6-ஐ ஒருவர் வாசித்தாராம். வாத்தியாரே இப்படிப் பேசினால் பிள்ளைகள் என்னாவார்கள் என்று கேட்டு, வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தம்பியின் அடக்கத்துக்குக் குழி வெட்டியதும் அவர்கள்தான், ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்ததும் அவர்கள்தான். ஆனால் அழுவதற்கு அவர்களிடம் இடம் இருந்தது, கேட்பதற்கு இடம் இல்லை. இன்றைக்கும் பல சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில், ஜெபித்தேன், கிடைத்தது என்றால் மைக் கொடுப்பார்கள். ஜெபித்தேன், பிள்ளை செத்துப்போனான் என்று சொல்ல எழுந்து நிற்கிறவரை விசுவாசக் குறைவு என்று உட்கார வைத்துவிடுவார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா ஒரு ஞாயிறும் தவறவில்லை. கதவோரம், கடைசி பெஞ்ச். ஒருநாள் நான் கேட்டேன், நம்பிக்கை இல்லாமல் ஏன் போகிறோம் என்று. "போய் உட்காரலைன்னா யார்கிட்ட கேட்கிறது, கண்ணு?" என்றார். 1991-ல் புதிதாக வந்த பாஸ்டர் ஐயா வீட்டுக்கே வந்து கூப்பிட்டபோது மறுபடி வகுப்பெடுக்கப் போனார். பெரிய பிள்ளைகள் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

யாக்கோபு 1:6-க்கு எதிரே ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று அவர் இறந்த பிறகுதான் பார்த்தேன். கேள்விக்குறி இல்லை. 'மாற்கு 9:24' என்று மட்டும் இருக்கிறது. 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடே சத்தமிட்ட ஒரு தகப்பனின் வசனம். அவன் பிள்ளைக்கும் உடம்பு சரியில்லை. எஸ்டேட் கணக்கு எழுதிய அதே குண்டு குண்டான எழுத்து. அதில் அந்த 24 பக்கத்தின் விளிம்புக்கு அரை விரல் உள்ளேதான் இருக்கிறது.

இதனால்தான் பைண்டிங் எனக்குப் பெரிய விஷயம். பாயிடம் போவதற்கு முன்னால் வேறொரு கடைக்குப் போனேன். முதுகை வெட்டிச் சமன் செய்து, சூடான கம் போட்டு ஒட்டி, மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் விட்டால் இரண்டு மணி நேரத்தில் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். அந்தத் தொழிலில் அது வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஓரம் எவ்வளவு போகும் என்று கேட்டேன். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் என்றார் அந்தத் தம்பி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாய் முதலில் கையைத் துடைத்தார். புத்தகத்தைப் பலகையில் வைத்து நடுவில் திறந்தார். பத்துப் பக்கம் புரட்டியிருப்பார். "பென்சில்ல எழுதியிருக்காங்களே, ரப்பர் போட்டுச் சுத்தம் பண்ணணுமா? சில பேர் கேட்பாங்க" என்றார். வேண்டாம் பாய், அது எங்கள் அப்பா எழுதியது என்றேன். அவர் சங்கீதம் 88 பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தேதிகளை விரலால் தொடாமல், மேலே காற்றில் விரலை ஓட்டி எண்ணினார். "அப்ப ஓரம் வெட்டக் கூடாதும்மா. பக்கம் ஒண்ணுக்கொண்ணு ஏறி இறங்கித்தான் நிற்கும், பரவாயில்லையா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் செய்த வேலை இது. பழைய தையலைப் பிரித்து ஒவ்வொரு பாரமாகத் தனியே எடுத்தார். மடிப்பு கிழிந்த இடங்களில் மெல்லிய டிஷ்யூ தாளைப் பசையில் ஒட்டி, மடிப்பு வழியாகவே மறுபடி நூல் தையல் போட்டார். பசை மைதாக் கூழ், பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்தது. வேதாகமத் தாள் மெல்லியது, பசை கூடினால் சுருங்கிவிடும் என்று ஒவ்வொரு பாரத்தையும் ஒட்டிய பின் பலகைக்கு நடுவில் வைத்துக் கனம் ஏற்றிக் காயவிட்டாராம். முதுகுக்கு வலைத்துணி, மேலே கறுப்பு ரெக்சின். முன்னும் பின்னும் தடித்த வெள்ளைத் தாள் சேர்த்திருக்கிறார். ராமபாண ஓட்டையை அடைக்கவில்லை. அடைத்தால் எழுத்து மறையும், பூச்சி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்றார்.

வாங்கப் போன அன்று புத்தகத்தோடு ஒரு பழுப்பு உறையும் கொடுத்தார். பிரிக்கும்போது உள்ளேயிருந்து விழுந்தவை. ஒவ்வொன்றையும் சின்னத் தாளில் மடித்து, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று மேலே எழுதியிருந்தார். 'ரூத் 1' என்று எழுதிய மடிப்பில் ஒரு பஸ் டிக்கெட். 'சங்கீதம் 88க்கும் 89க்கும் நடுவில்' என்று எழுதியதில் காய்ந்த காபிப் பூ, காம்போடு. கோடை மழை விழுந்து சில நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணந்து, இரண்டு மூன்று நாளில் கருகிவிடும் பூ அது. எந்த வருஷத்துப் பூ என்று தெரியவில்லை. 'யோவான் 20' என்ற மடிப்பில் ஒரு செய்தித்தாள் துண்டு. 2007-ல் அன்னை தெரசாவின் கடிதங்கள் புத்தகமாக வந்த செய்தி. தேவன் அருகில் இருப்பதாகவே தெரியவில்லை என்று பல பத்தாண்டுகளாகத் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியவை, அழித்துவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டவை. அந்தத் துண்டின் ஓரத்தில் அப்பா எதுவும் எழுதவில்லை. கத்தரிக்கோலால் அவ்வளவு நேராக வெட்டி வைத்திருக்கிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாள் என்றார், இருபத்தாறு நாள் ஆனது. இரண்டு முறை சும்மா போய்த் திரும்பினேன். போன் செய்தால் மருமகன் எடுப்பார், நாளைக்கு என்பார். அட்டையில் தங்க எழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆதியாகமத்தின் முதல் சில பக்கங்கள் இறுக்கமாக இருக்கின்றன, கையால் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பசை வாசனை போக இரண்டு வாரம் பிடித்தது. ரெக்சினில் கறுப்பும் மெரூனும் மட்டும்தான், தோல் அட்டை கேட்டால் இல்லை. மொத்தம் 850 ரூபாய். அந்த வேலைக்கு இது குறைவு என்று நான் சொன்னதற்கு, பேரேட்டுக்கும் இதே கூலிதாம்மா என்றார்.

போன மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சிங் படிக்கும் பெண் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, "ஆன்ட்டி, பைபிள்ல இப்படி எழுதலாமா?" என்று கேட்டாள். எங்கள் அப்பா எழுதினார் என்றேன். புத்தகத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் தேதிகளைப் பார்த்தாள். அவள் வார்டில் அந்த வாரம் ஒரு குழந்தை இறந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. டீ ஆறிப்போனது, வேறு டீ போட்டு வரச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். மலையிலிருந்து கொண்டுவருகிறவர்கள் இரண்டு நாள் சேலத்துச் சூட்டில், நிழலான இடமாகப் பார்த்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள். உள்ளே இருக்கும் காகிதம், பூ எதையும் நீங்களே எடுத்துவிடாதீர்கள், எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது போய்விடும். ஓரத்தில் எழுத்து இருந்தால் வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மறந்துவிட்டால் பாயே கேட்பார்.