தென்னைக்கு ஊசி போடுகிறேன் என்று பைக்கில் வந்தால் உள்ளே விடாதீர்கள்

கொல்லையில் ஐந்து தென்னை நின்றது. 2018 கஜா புயலில் மூன்று விழுந்தன. மிஞ்சிய இரண்டில் ஒன்றைப் போன வருஷம் நானே கூலி கொடுத்து வெட்டினேன். பட்டுக்கோட்டைப் பக்கம் இதே ஆட்கள் இன்னும் சுற்றுவதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

மாசியில் மட்டைகளின் அடிப்புறம் சுருள் சுருளாக வெள்ளை மாவு படிந்தது. கீழ்மட்டைகளும் மரத்தடி வாழை இலையும் கரி பூசினாற்போல் கறுத்தன. ஊசி போடுகிறேன் என்று பைக்கில் வந்தவர் மரம் ஏறவில்லை, அண்ணாந்து பார்த்ததோடு சரி. "வண்டு ஏறிடுச்சும்மா, ஒரு மாசத்துல குருத்து போயிடும்" என்றார். மரத்துக்கு 800 ரூபாய். அம்மா பயந்துபோனார், நானும் தலையாட்டினேன். நெஞ்சு உயரத்தில் ட்ரில்லால் சாய்வாகத் துளை போட்டு, லேபிள் கிழித்த பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றிக் களிமண் அப்பினார்.

"என்ன மருந்து?"

"கம்பெனி மருந்து சார்."

"இளநீர் குடிக்கலாமா?"

"தாராளமா."

இதுதான் இன்னும் ஆறவில்லை. முறைப்படி வேரில் மருந்து கட்டினால்கூட, காயை முன்பே பறித்துவிட்டு அப்புறம் 45 நாள் கைவைக்கக் கூடாது. என் மகள் மறுவாரமே குடித்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மாதத்தில் களிமண் உதிர்ந்தது. துளையிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்தது, கூடவே மென்று துப்பிய மாதிரி நார். மரத்தில் காதை வைத்தால் உள்ளே கறுக் கறுக்கென்று சத்தம். சிவப்புக் கூன்வண்டு! மரத்தில் காயம் எங்கே என்று தேடி வந்து முட்டையிடும் ஜாதி அது. ஆடியில் குருத்து சாய்ந்தது. அந்த ஆளின் போன் அணைந்தே கிடந்தது.

முதலில் மரத்தில் இருந்தது வண்டே இல்லை, சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது. கறுப்பு, அதன் இனிப்புக் கழிவில் வளரும் பூசணம். காய்ப்பு குறையுமே தவிர மரம் அதனால் சாவது அபூர்வம். மட்டையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள் கட்டி, கறுப்பின் மேல் லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய கரைசலைத் தெளித்தால் போதும். காய்ந்தால் உரிந்து விழும். இந்த ஈயின் குஞ்சுகளைக் கொல்லும் என்கார்சியா என்ற பொடிக் குளவியும் உண்டு, மருந்தடித்தால் அதுவும் செத்துவிடும். அந்த ஆள் சொன்ன வண்டு, காண்டாமிருக வண்டாக இருந்தால் விரிந்த ஓலை கத்தரியால் வெட்டினது போல் முக்கோணமாக இருந்திருக்கும். எங்கள் மரத்தில் ஓர் ஓலைகூட அப்படி இல்லை. அன்றைக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓர் ஓலையைக் கிழித்து எடுத்துப் போயிருக்கலாம்.

இரண்டாவது மரத்திலும் அவர் போட்ட துளை இருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே தார் பூசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காதை வைத்துக் கேட்கிறேன். இதுவரை சத்தம் இல்லை.