மடக்குக் கத்தியை ‘லேசாகத் திறக்கும்படி’ மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

பாரிமுனையை ஒட்டிய தெரு ஒன்றில், கத்தி, கத்திரிக்கோல் பழுதுபார்த்துச் சாணை பிடித்துத் தரும் கடையில் என் மடக்குக் கத்தியைக் கொடுத்தேன். அது எந்த நிலையில் திரும்பி வந்தது என்பதை, அதே வேலைக்குக் கத்தியைக் கொடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை.

கத்தி மாடித்தோட்டத்தில் கயிறு அறுக்கவும் உர மூட்டை பிரிக்கவும் பயன்படுவது. அலகின் நீளம் சுமார் எட்டு சென்டிமீட்டர். பக்கவாட்டில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்க வேண்டும். மண்ணும் திருவான்மியூரின் உப்புக்காற்றும் சேர்ந்து அதை இறுக்கிவிட்டதால், மூட்டுவலி உள்ள என் அப்பாவால் திறக்க முடியவில்லை. கழற்றிச் சுத்தம் செய்து, அலகின் இருபுறமும் உள்ள வாஷர்களை மெருகேற்றி, எண்ணெய் விட்டுத் தர வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார். பில் கேட்டதற்கு, “சின்ன வேலைக்கெல்லாம் பில் எதுக்கு சார்?” என்றார்.

அவர் என்ன செய்தார் என்பது புரிய, இந்த வகைக் கத்தியின் உள்ளமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். கைப்பிடியின் உட்புறத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் உண்டு. அவற்றில் ஒன்றின் ஒரு பகுதி நீளவாக்கில் பிளக்கப்பட்டு, உள்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். கத்தியை முழுவதும் திறந்ததும் இந்த நாக்கு தன் விசையாலேயே நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும், அதுதான் பூட்டு. மூடியிருக்கும்போதும் அதே நாக்குக்கு இன்னொரு வேலை உண்டு. அதில் பதித்திருக்கும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் எஃகுக் குண்டு, அலகின் பக்கத்தில் உள்ள சிறு குழிக்குள் விழுந்து, அலகு தானாக வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். திறக்கும்போது கட்டைவிரல் முதலில் வெல்ல வேண்டியது இந்தக் குண்டின் பிடியைத்தான். ஆக, நாக்கின் விசையைக் குறைத்தால் கத்தி லேசாகத் திறக்கும் என்பது உண்மை; கூடவே, மூடிய நிலையில் இருக்கும் பிடிப்பும் திறந்த நிலையில் இருக்கும் பூட்டும் சேர்ந்தே தளர்ந்துவிடும் என்பதும் உண்மை. இறுக்கம் வாஷரில் படிந்த அழுக்கால் வந்திருந்தால், நாக்கைத் தொடுவதற்குக் காரணமே இல்லை. எல்லா மடக்குக் கத்திகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: ஓபினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையவை போன்ற மரக் கைப்பிடிக் கத்திகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிப் புடைத்து இறுகும், காயவைத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், அதற்கெல்லாம் கடைக்கே போக வேண்டியதில்லை.

கடையில் கையில் வாங்கியபோது கத்தி வெண்ணெய் போலத் திறந்தது. கடைக்காரரும் நாலைந்து முறை திறந்து மூடிக் காட்டினார். பேன்ட் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தபோது தொடையில் சுருக்கென்றது. பைக்குள்ளேயே அலகு ஒரு விரற்கடை அளவு திறந்து, துணியைக் கிழித்து, தோலையும் கீறியிருந்தது. காயம் சிறியதுதான், ஆனால் அந்தக் கத்தியை அப்பாவிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பிரித்துப் பார்த்தேன். ஆறு முனை நட்சத்திரத் திருகின் தலை, பொருந்தாத திருப்புளியால் திருகப்பட்டுப் பாதி வழுக்கியிருந்தது. நாக்கின் மேல் குறடு கடித்த பல்தடம் வரிசையாகத் தெரிந்தது. அதை வெளிப்பக்கம் வளைத்திருக்கிறார்கள். குண்டின் உருண்டை முகம் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. இரண்டு வெண்கல வாஷர்களில் ஒன்றைக் காணோம். அதன் இடத்தில், தண்ணீர்க் கேன் மூடியின் அதே நீல நிறப் பிளாஸ்டிக்கில் கத்திரிக்கோலால் வெட்டிய ஒரு வட்டம் இருந்தது, அதன் ஓரம் கூட நேராக இல்லை. திருகு கழலாமலிருக்க, தேவைப்படும்போது திருப்புளியால் கழற்றக்கூடிய நீலத் திரவம் ஒன்று உண்டு. இங்கே சாதாரண உடனடிப் பசையை ஊற்றியிருந்ததால், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கூச்சப்படவே இல்லை. “அப்ப ஸ்பிரிங் போட்டுத் தர்றேன் சார், விரலை வெச்சாலே பட்டுன்னு தொறந்துக்கும், முந்நூறு மட்டும் குடுங்க” என்றார். இது முதல் வேலையை விட மோசமான யோசனை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் டெல்லியில் 1980இல் வெளியான அறிவிக்கை, ஸ்பிரிங்காலோ பட்டனாலோ திறக்கும் கத்திகளில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டியவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பிரிட்டனிலும் இத்தகைய கத்திகளின் விற்பனை 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. டெல்லி அறிவிக்கை சென்னைக்குப் பொருந்தாது என்று நீங்கள் வாதாடலாம். இரவு வாகனச் சோதனையில் அந்த வாதத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. காசு வாங்கும் கடைக்காரர் அந்த இடத்தில் உங்களோடு நிற்கவும் மாட்டார்.

எனவே, கத்தியைக் கொடுப்பதற்கு முன் எதைக் கழற்றுவீர்கள், எதைத் தேய்ப்பீர்கள் என்று கேளுங்கள். “அரம் போட்டு லூஸ் பண்ணிடலாம்” என்ற பதில் வந்தால் கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கொடுக்கும் முன் பூட்டு நாக்கையும் திருகுகளையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. நான் அப்படி எடுத்து வைத்திருந்த படம்தான் இப்போது எனக்குக் கைகொடுக்கிறது. திரும்ப வாங்கும்போது, மூடிய கத்தியை மேசைக்கு மேலே அலகு வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லக் குலுக்கிப் பாருங்கள். அலகு அசையக் கூடாது. பிறகு திறந்து, அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அதன் முதுகை ஒரு மரப்பலகையில் அழுத்துங்கள். பூட்டு வழுக்கினால் அந்தக் கத்தி இனி எந்த வேலைக்கும் ஆகாது. என் கத்தி இரண்டிலும் தோற்றது.

பணத்தை யுபிஐ வழியாகக் கொடுத்திருந்ததால், பில் இல்லாவிட்டாலும் பணம் செலுத்தியதற்குச் சான்று இருக்கிறது. செய்த வேலைக்கு ரசீது தராததையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடமிருந்து இதுவரை வந்திருக்கும் ஒரே பதில், அந்த முந்நூறு ரூபாயைக் குறைத்து இருநூறுக்கு ஸ்பிரிங் போட்டுத் தருவதாக அனுப்பிய குரல் செய்திதான். அதையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.