மழைத்தண்ணி ரீசைக்கிள் செட்டப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு, நல்லதும் கெட்டதும் சொல்றேன்

மாடில விழுற மழைத்தண்ணிய சேத்து டாய்லெட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் செடிக்கும் விடுற மாதிரி தனி லைன் போட்டு சரியா ஒரு வருஷம் முடிஞ்சிருச்சு. போட்டுக்குடுத்த ஆளுங்க பேரு இங்க வேணாம், என்ன கேட்டு போடணும்ங்கறத மட்டும் சொல்றேன், அதான் உங்களுக்கு உதவும்.

செட்டப் இதான். மாடி பைப் வாயில இலை தடுக்குற சல்லடை, அடுத்து ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் (மழை ஆரம்பத்துல மாடிய கழுவிட்டு வர்ற அழுக்குத் தண்ணி டேங்குக்கு போகாம பிடிச்சு வெச்சு, அப்புறம் வெளிய வடிய விடுற பைப்), அப்புறம் ஜல்லி மணல் ஃபில்டர், வெளிச்சம் உள்ள போகாத கருப்பு டேங்க் 5000 லிட்டர், ஒரு சின்ன மோட்டார், அங்கேருந்து தனி பைப். வெளிச்சம் போனா பாசி பிடிச்சிரும், அதனால கருப்புதான் கேட்டேன். எங்க மாடி 100 சதுர மீட்டர். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி, அப்போ 20 மில்லிமீட்டர் மழைக்கு கணக்குப்படி 2000 லிட்டர். தரை உறிஞ்சுறது, தெறிக்கறதுன்னு கொஞ்சம் போயிரும், ஆனாலும் ஒரே ராத்திரி மழைல டேங்க்ல தண்ணி சரசரன்னு ஏறுறத பாக்கறப்போ வர்ற சந்தோஷமே தனி.

இப்போ பிரச்சனைக்கு வர்றேன். முதல் மாசமே டேங்க் தண்ணி டீ கலர்ல வந்துச்சு, லேசா வாடை வேற. ஃபில்டர்தான் சரியில்லன்னு நெனச்சு மணல் பூரா அலசி போட்டோம், ரெண்டு மழை கழிச்சு மறுபடியும் அதே கதை. அப்புறம்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் பைப்போட அடி மூடிய கழட்டினேன். கழட்டினதும் கருப்பா சேறு பொத்துனு கைல விழுந்துச்சு, அழுகின இலை, பறவை எச்சம், ஒரு இறகு கூட இருந்துச்சு, தண்ணி சொட்டு சொட்டா வடியறதுக்கு விட்டிருந்த சின்ன ஓட்டை சுத்தமா அடைச்சிருந்துச்சு. அதாவது போன மழைல ரொம்பின பைப் காலியாகவே இல்ல, அடுத்த மழைல மாடி அழுக்கு மொத்தமும் நேரா டேங்குக்குள்ள போயிருக்கு. அடைப்பு மட்டும் இல்ல, அளவும் தப்பு. அவங்க வெச்சது 4 இஞ்ச் பைப் 3 மீட்டர், அதுல பிடிக்கறது சுமார் 25 லிட்டர்தான். 100 சதுர மீட்டர் மாடில முதல் 1 மில்லிமீட்டர் மழைய ஒதுக்கணும்னாலே 100 லிட்டர் வேணும். கணக்கு போட்டு காட்டினதும் தகராறு பண்ணாம வந்து 100 லிட்டர் டிரம் மாத்தி, கீழ கையால திறக்கற வால்வும் வெச்சு குடுத்தாங்க, அதுக்கு அவங்கள பாராட்டணும். ஆனா இத நான் சொல்லித்தான் செய்யணுமா, அவங்க தொழில் இது. இப்போ ஒவ்வொரு மழை நின்னதும் வால்வ திறந்து விட்டுர்றேன், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு.

இன்னொன்னு, டேங்க் ரொம்பினா மிச்சத் தண்ணி வெளிய போற ஓவர்ஃப்ளோ பைப் வாயில வலை போடாம போயிட்டாங்க. கொசுப்புழு நெளியறத என் பொண்ணுதான் முதல்ல பாத்தா, அன்னிக்கே பொடிக்கண் வலை வாங்கி கட்டிட்டேன். வேலை முடிஞ்சு ஆளுங்க கிளம்பறதுக்கு முன்னாடி டேங்குக்கு போற வர்ற எல்லா வாயையும் கைய வெச்சு பாத்துருங்க ப்ளீஸ், குழந்தைங்க இருக்கற வீடுன்னா கண்டிப்பா.

பிளம்பிங் வேலை அருமை, குறை சொல்ல முடியாது. மழைத்தண்ணி லைனுக்கு வேற கலர் பைப், ஒவ்வொரு குழாய் மேலயும் குடிக்கக் கூடாதுன்னு ஸ்டிக்கர். டேங்க் காலியானா மெயின் தண்ணி விழுற மாதிரி வெச்சிருக்காங்க, ஆனா அந்த பைப் தண்ணிய தொடாம மேல இடைவெளி விட்டு நிக்குது, மழைத்தண்ணி திரும்பி குடிதண்ணி லைனுக்குள்ள போகவே முடியாது. இத நான் கேக்கல, அவங்களாவே செஞ்சது. டாய்லெட்ல இருந்த பழைய ஃப்ளஷ் டேங்க எடுத்துட்டு 3 லிட்டர், 6 லிட்டர்னு ரெண்டு பட்டன் இருக்கறத மாட்டினாங்க. பழசு சத்தமே இல்லாம ஒழுகிட்டு இருந்திருக்கு, டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி போட்டு காட்டினாங்க, யாரும் ஃப்ளஷ் பண்ணாமலே கொஞ்ச நேரத்துல கலர் கீழ இறங்கிருச்சு, மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, எத்தன நாளா போச்சோ.

துணி துவைக்க மழைத்தண்ணி சூப்பர். உப்பு கம்மி, சோப்பு பாதி போட்டாலே நுரை வருது, மெஷின்ல வெள்ளைப் படலமும் படியல. வாஷிங் மெஷின் கழிவுத்தண்ணியையும் இதே டேங்குக்கு விடலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு, வேணவே வேணாம்னுட்டேன், சோப்புத்தண்ணிய ஒரு நாளுக்கு மேல தேக்கி வெச்சாலே நாத்தம் பிடிச்சிரும். அது தனி பைப்ல நேரா மரத்தடிக்கு போகுது.

அஞ்சுக்கு நாலு மார்க் குடுப்பேன். அந்த ஒரு மார்க் ஃபர்ஸ்ட் ஃப்ளஷுக்காக போச்சு. நீங்க போடறதா இருந்தா முதல் கேள்வியா அது எத்தன லிட்டர், எப்படி காலியாகும்னு கேளுங்க, டேங்க் சைஸ் பேச்செல்லாம் அப்புறம்.